மருந்து குடிக்கும் மரம்

சிங்கப்பூரின் கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்தில் வாரக் கடைசியில் இறங்குகிறவர்கள் முன்பெல்லாம் குதிரைப் பந்தயத்துக்குப் போகிறவர்கள். 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓடியதோடு அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது. வாரநாள் காலையில் இறங்குகிற கூட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. காலில் பாதுகாப்புக் காலணி, தோளில் பை, கையில் சாப்பாட்டுப் பொட்டலம். அவர்களோடு பேருந்து ஏறிச் சில நிறுத்தம் போனால் சுங்கை காடுட் தொழிற்பேட்டை. பெயர்ப்பலகையைத் தேட வேண்டாம், பேருந்துக் கதவு திறந்ததும் மரத்தூள் வாசம் மூக்கில் ஏறும்.

சதுப்புநிலத்தைத் தூர்த்து உருவாக்கிய பேட்டை இது. ஒரு காலத்தில் காலாங் ஆற்றுப் படுகையில் இருந்த மர அறுவை ஆலைகள், நகரம் நெருக்கித் தள்ளத் தள்ள, இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. இன்று பெரிய கட்டையை அறுக்கும் ஆலை அபூர்வம். பேலட் அடிப்பவர்கள், மேசை நாற்காலி செய்பவர்கள், தரைப்பலகை பதிக்கும் குத்தகையாளர்கள் என்று பட்டறைகள் சிறுத்துப் பெருகியிருக்கின்றன.

நான் போனது மரத்துக்கு மருந்தேற்றும் பட்டறையைப் பார்க்க. காரணம் லிட்டில் இந்தியாவில் பார்த்த ஒரு காட்சி. அங்கே பழைய கடைவீடு ஒன்றின் மாடித்தரையைப் பிரித்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். எடுத்துப் போட்டிருந்த பலகையை ஓர் இளைஞர் கட்டைவிரலால் அழுத்தினார். மேலே பூசிய சாயம் ஓடு மாதிரி உடைந்தது, உள்ளே மாவு. “புதுப் பலகை கிராஞ்சியிலேர்ந்து வருதுண்ணே, மருந்து போட்டது,” என்றார். என்ன மருந்து, யார் போடுகிறார்கள் என்றதற்கு அவருக்குப் பதில் தெரியவில்லை. அவருடைய மேலாளர் ஒரு தொலைபேசி எண் கொடுத்தார். பட்டறை முதலாளி ஒரே நிபந்தனை வைத்தார்: பெயர் போடக் கூடாது. போடவில்லை.

மருந்துப் பகுதிக்குப் பொறுப்பாளர் ஒரு மலேசியத் தமிழர். வயது ஐம்பதுக்கு மேல். ஜோகூர் மாசாயிலிருந்து விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, பாலத்து நெரிசலைக் கடந்து வேலைக்கு வருகிறார். நான் அண்ணன் என்றே கூப்பிட்டேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். கூடவே இரண்டு மலேசிய இளைஞர்கள், சீனாவிலிருந்து வந்த ஒருவர். தமிழ்நாட்டு ஊழியர்களைக் கட்டுமானத் தளங்களில் பார்க்கும் அளவுக்கு இதுபோன்ற பட்டறைகளில் பார்க்க முடியாது. எந்தத் துறைக்கு எந்த நாட்டு ஆளை எடுக்கலாம் என்று வேலை பெர்மிட் விதியே பிரித்து வைத்திருக்கிறது.

பட்டறை வாசலில் வெளிர்மஞ்சள் பலகை அடுக்கு ஒன்று இறங்கியிருந்தது. அண்ணன் அதைத் தட்டிக் காட்டினார்.

“இது என்ன மரம் சொல்லுங்க தம்பி?”

நான் யோசிக்கு முன் அவரே சொன்னார். “கித்தா மரம். எங்கம்மா பால் வெட்டுன மரம்.”

கித்தா என்றால் ரப்பர். குளுவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர் அவர். அம்மா பால்வெட்டு, அப்பா களைக்கு மருந்தடிப்பு. 1877இல் 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்ததும், 1888இல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்ததும், பிறகு மலாயா முழுக்கத் தோட்டங்கள் பரவி அவற்றுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்ததும் நாம் பலமுறை எழுதிவிட்ட கதை. பால் வற்றிய மரம் என்னவாயிற்று என்பதை அதிகம் எழுதவில்லை.

25, 30 ஆண்டில் பால் குறையும். மரத்தைச் சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். சாய்த்த மரம் நெடுங்காலம் வெறும் விறகாகத்தான் போனது. அறுத்தால் பார்வைக்கு நல்ல பலகைதான், ஆனால் நிற்காது. ரப்பர் மரத்தில் தேக்கில் இருப்பதுபோல் வைரம் என்று தனியாகப் பிரிந்து தெரியும் பகுதி இல்லை. முழு மரமும் மாவுச்சத்தும் சர்க்கரையும் ஏறிய வெளிறு. அறுத்த ஓரிரு நாளில் நீலப்பூஞ்சணம் பாயும். அது நிறத்தோடு போகும் என்றாலும், பின்னாலேயே உளுவண்டு வரும். பலகையின் நுண்துளையில் முட்டை வைக்கும். புழு மாவுச்சத்தைத் தின்றுகொண்டே உள்ளே போகும். வளர்ந்த வண்டு ஊசித்துளை போட்டு வெளியே வரும்போதுதான் நமக்குத் தெரியும். வாங்கிய நாற்காலிக்கு அடியில் வெள்ளைத்தூள் கொட்டிக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

விறகை நாற்காலியாக்கியது போரான். வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல். அறுத்த கையோடு பலகையை உருளைக்குள் ஏற்றி, கரைசலை அழுத்தத்தில் செலுத்தி, உடனே உலர்த்தும் அறைக்கு அனுப்பிவிட வேண்டும். மலேசியாவில் இந்த முறை கைகூடிய பிறகுதான் ரப்பர்மர மேசை நாற்காலிகள் கப்பலேறின. ஜோகூரின் மூவார் நகரம் அந்தத் தொழிலால் பெயர் பெற்றது. தோட்டம் கைமாறி எண்ணெய்ப்பனை நட்டபோது அண்ணனின் குடும்பம் லயத்தைக் காலிசெய்தது. அவர் மூவாரில் ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போனார். “அம்மா வெட்டுனது பாலு. நான் போட்டது மருந்து. மரம் அதேதான்,” என்றார். சோகமாகச் சொல்லவில்லை, சரக்குச்சீட்டைச் சரிபார்த்துக்கொண்டே சொன்னார்.

அன்று வந்திருந்த பலகை மலேசியாவிலேயே மருந்தேற்றி உலர்த்தியது. சீட்டில் அப்படித்தான் இருக்கிறது. அண்ணன் சீட்டை நம்புகிறவர் இல்லை. அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பலகையை உருவச் சொன்னார். ஓரத்தை விட்டு, நடுப்பகுதியில் குறுக்கே அறுத்து ஒரு வில்லை எடுத்தார். அதன் முகத்தைத் தேய்த்துத் தூளை ஊதிவிட்டு, அலமாரியிலிருந்து இரண்டு தெளிப்புக் குப்பிகளை எடுத்தார். முதல் குப்பியில் சாராயத்தில் ஊறிய மஞ்சள். நம் வீட்டு மஞ்சளேதான், அதன் சத்தை இறக்கியது. தெளித்ததும் வில்லை முழுக்க மஞ்சளானது. உலரவிட்டோம். இரண்டாவது குப்பியில் அமிலம் கலந்த கரைசல்; அதற்குக் கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டார்.

சில நிமிடத்தில் வில்லையின் நான்கு ஓரமும் சிவக்கத் தொடங்கியது. பிறகு சிவப்பு உள்நோக்கி நகர்ந்தது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிற அதே அடர்த்தி. வேதியியல் வேறு: அங்கே சிவப்பைக் கொண்டுவருவது சுண்ணாம்பின் காரம், இங்கே அமிலத்தின் நடுவில் மஞ்சளைப் பிடித்துக்கொள்ளும் போரான். போரான் எட்டிய இடம் சிவக்கும், எட்டாத இடம் மஞ்சளாகவே நிற்கும். அந்த வில்லையின் நடுவே நகக்கண் அளவுக்கு மஞ்சள் மிச்சமிருந்தது. இன்னும் சற்றுப் பொறுத்துப் பார்த்தார். மாறவில்லை.

“பாருங்க. மனுசன் கண்ணுக்கு இது சின்ன எடம். வண்டுக்கு இது கதவு.”

சாக்குக்கட்டியால் அந்த அடுக்கின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தள்ளி வைத்தார். இன்னும் சில பலகைகளைச் சோதித்த பிறகுதான் முடிவாம். முதலாளிக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது என்பது அண்ணன் முகத்தில் தெரிந்தது. எனக்கு அந்தக் குறிதான் பிடித்திருந்தது.

போரானுக்கு ஒரு குறை உண்டு. தண்ணீரில் கரைந்து உள்ளே போனது, தண்ணீர் பட்டால் கரைந்து வெளியேயும் வரும். அதனால் வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்குச் சரி, மழையில் நிற்கும் மரத்துக்குச் சரிவராது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மழையில்லாத நாளிலும் காற்றில் ஈரம். மொட்டைமாடித் தரை, பூங்காப் பாலம், வேலிக்கால் இவற்றுக்கெல்லாம் வேறு மருந்து வேண்டும். பட்டறையின் பின்பக்கம் கிடந்த இரும்பு உருளை அதற்குத்தான்.

ஆள் குனிந்து உள்ளே நடக்கலாம், அவ்வளவு பெரிய உருளை. உள்ளே தண்டவாளம், அதன் மேல் தள்ளுவண்டி. வண்டியில் பைன் பலகைகளை அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே மெல்லிய இடைச்சட்டம். இரண்டு பலகை ஒட்டிக்கொண்டால் அந்த முகத்தில் மருந்து ஏறாது. இளைஞர்களில் ஒருவர் ஈரமானியின் இரண்டு ஊசியைப் பலகையில் குத்தி எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தார். அண்ணன் காதில் வாங்கிக்கொண்டு இருந்தவர், ஓர் எண்ணைக் கேட்டதும் “அத எறக்கு” என்றார். ஈரம் முப்பது சதவீதத்தைத் தாண்டிய பலகை. மரத்தின் நுண்குழாய்களில் ஏற்கெனவே தண்ணீர் நிற்கும்போது மருந்துக்கு அங்கே இடமேது?

கதவை மூடித் திருகாணிகளை இறுக்கினார்கள். முதலில் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். மரத்துக்குள் ஒளிந்திருக்கும் காற்று வெளியே வர வேண்டும், அதற்கே அரைமணிக்கு மேல் பம்ப் ஓடுகிறது. பிறகு, வெற்றிடம் குலையாமல் மருந்தைத் திறந்துவிடுகிறார்கள். உருளை நிறைந்ததும் அழுத்தம் ஏறுகிறது, 10 பார், 12 பார் என்று. அங்கே நிறுத்தி வைத்து, மரம் குடித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். அளவுமானியின் முள் இறங்கிக்கொண்டே இருந்தால் மரம் இன்னும் குடிக்கிறது. முள் நின்றால் போதும். மிச்ச மருந்தைத் தொட்டிக்குத் திருப்பி, கடைசியாக ஒருமுறை காற்றை உறிஞ்சிவிடுவார்கள். பலகையின் மேல் சொட்டச் சொட்ட நிற்கும் மருந்து அதில் வடிந்துவிடும். ஒரு கன மீட்டர் பைன் வெளிறு பல நூறு லிட்டர் குடிக்கும் என்று சொன்னபோது நான் நம்பவில்லை. ஏற்றுமுன் எடைபோட்ட பலகையை இறக்கியபின் திரும்பவும் எடைபோட்டுக் காட்டினார்கள். தூக்கிப் பார்த்தேன். தனியாக முடியவில்லை.

காற்றை உறிஞ்சிவிட்டு அழுத்தத்தில் மருந்தேற்றும் இந்த வித்தைக்கு இங்கிலாந்தின் ஜான் பெத்தல் 1838இல் காப்புரிமை பெற்றார். அவர் ஏற்றியது நிலக்கரித் தாரிலிருந்து வடித்த கிரியோசோட். உலகத்து ரயில் தண்டவாளங்களுக்கு அடியில் கறுப்பாகக் கிடந்த கட்டைகள் எல்லாம் அந்த வழி வந்தவை. கறுப்பு எண்ணெய்க்குப் பதிலாகத் தண்ணீரில் கரையும் உப்பை ஏற்றி, அது மரத்துக்குள்ளேயே இறுகிக் கரையாமல் நிற்கும்படி செய்தவர் ஓர் இந்தியர். தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம், 1933இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றையும் சேர்த்த கலவைக்குக் காப்புரிமை எடுத்தார். செம்பு பூஞ்சணத்துக்கு, ஆர்சனிக் பூச்சிக்கு, இரண்டையும் மரத்தோடு பிணைத்து நிறுத்துவது குரோமியம். ‘அஸ்கு’ என்ற பெயரில் விற்ற அந்த மருந்து அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று உலகம் சுற்றியது. மின்கம்பம், வேலிக்கால், பாலம், குழந்தைகள் ஏறி விளையாடும் சட்டம் வரைக்கும் அந்தப் பச்சை நிறம் போய்ச் சேர்ந்தது. நம் பள்ளிப் பாடங்களில் ராமனும் போசும் இருக்கிறார்கள். உலகத்தின் கோடிக்கணக்கான கம்பங்களை நிற்கவைத்த காமேசத்தின் பெயரை நான் இந்த வயதில்தான் கேள்விப்படுகிறேன்.

ஆர்சனிக் சும்மா இருக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மண்ணிலும் கையிலும் ஒட்டியது. 2003ஆம் ஆண்டு முடிவோடு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு அந்தக் கலவையைப் போடுவதைத் தயாரிப்பாளர்களே நிறுத்திக்கொண்டார்கள். ஐரோப்பாவும் கட்டுப்படுத்தியது. இப்போது இந்த உருளைக்குள் போவது செம்பும் ஒரு பூஞ்சணக்கொல்லியும் சேர்ந்த கரைசல், ஆர்சனிக் இல்லாதது. செம்பை மட்டும் போட்டால் அதைத் தாங்கி வளரும் பூஞ்சணங்கள் இருக்கின்றன, அதனால்தான் துணைக்கு இன்னொன்று. உருளையைத் திறந்தபோது பலகைகள் பாசி படிந்த பச்சையில் வந்தன. மெல்லிய அம்மோனியா நெடி. சொட்டுவது நிற்கும்வரை அவை தடுப்புக்கரை கட்டிய சிமெண்டுத் தளத்தில் கிடக்க வேண்டும். தளத்தில் வழிவது வாய்க்காலுக்குப் போகாமல் தொட்டிக்கே திரும்புகிறது. இந்தப் பேட்டையிலிருந்து கிராஞ்சி நீர்த்தேக்கமும் சதுப்புக்காடும் தூரமில்லை, இங்கே ஒரு வாளி சிந்தினாலும் விஷயம்தான்.

எந்த மரத்துக்கு மருந்து என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மூலையில் கிடந்த செங்கால் மரத்துண்டு ஒன்றைக் காட்டி அதற்கும் ஏற்றுவீர்களா என்று கேட்டேன். அண்ணன் சிரித்தார். செங்கால் வைரம் மருந்தை உள்ளே விடாது. எவ்வளவு அழுத்தினாலும் மேல்தோலோடு சரி. தேக்கும் அப்படித்தான். முதிரும்போதே தன் குழாய்களை அடைத்துக்கொண்டு, பூச்சிக்கு ஆகாத சத்தை உள்ளே சேர்த்துவைத்துவிடுகிறது. செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்கள் ஒரு நூற்றாண்டாக எண்ணெய்த் துணியால் துடைத்த பராமரிப்பிலேயே நிற்பதற்கு அதுதான் காரணம். ஆனால் தேக்கின் வெளிறு கரையானுக்கு மற்ற மரத்தைப் போலத்தான். தேக்கு என்று வாங்கி வெளிறுள்ள பலகையை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்கள் ஏமாறுவது அந்த இடத்தில். மொத்தத்தில், கெட்டுப்போகும் மரம்தான் நன்றாக மருந்து குடிக்கிறது. காடு குறைந்து வைரமரம் கைக்கெட்டாத விலைக்குப் போன காலத்தில், ரப்பரையும் பைனையும் வைத்துக்கொண்டு நாம் வீடு கட்டுவது இந்த ஒரு வசதியால்.

பக்கத்தில் வெப்ப அறை. இது பேலட்டுக்கும் ஏற்றுமதிப் பெட்டிக்கும். மரப்பெட்டியோடு பூச்சி நாடு தாண்டுவதைத் தடுக்க 2002இல் அனைத்துலக விதி வந்தது. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரிக்கு ஏறி, தொடர்ந்து 30 நிமிடம் அங்கே நிற்க வேண்டும். தடித்த கட்டையில் துளை போட்டு வெப்பமானி ஊசியை நடு வரைக்கும் சொருகியிருந்தார்கள். சிங்கப்பூரில் இதைக் கண்காணிப்பது தேசியப் பூங்காக் கழகம். முடிந்ததும் கோதுமைக் கதிர் சின்னத்தோடு எச்டி என்ற முத்திரை. இதில் மருந்தே இல்லை என்பதைப் பலர் அறிவதில்லை. உள்ளே இருந்த பூச்சி செத்துவிடும், அவ்வளவுதான். நாளை புதுப்பூச்சி ஏறினால் தடுக்க அதில் ஒன்றுமில்லை. முத்திரை குத்திய பேலட்டை மழையில் போட்டால் அடுத்த வாரம் பூஞ்சணம் பூக்கும். அதே சின்னத்தில் எம்பி என்று இருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. ஓசோனைக் கெடுக்கும் வாயு என்று மாண்ட்ரியல் உடன்பாட்டில் ஒதுக்கப்பட்டது. சரக்கோடு பூச்சி வராமலிருக்கப் போடும் புகைக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு.

சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் கை கழுவியதைப் பார்த்தேன். கையுறையைக் கழற்றி, உட்புறம் வெளியே வராமல் தொங்கவிட்டார். முழங்கை வரை சோப்புப் போட்டார். முகம், பிறகு திரும்பவும் கை. மேலங்கியைச் சாப்பாட்டு அறைக்குள் கொண்டுவர மாட்டார். மூவாரில் இளைஞராக இருந்தபோது கையுறை கொடுப்பார்களா என்று கேட்டேன். “கொடுப்பாங்க. சூட்டுக்குக் கழட்டிருவோம்.” உள்ளங்கைத் தோல் உரிந்து, சாப்பிட உட்கார்ந்தால் எரியும் என்றார். அதோடு பேச்சை மாற்றிவிட்டார்.

மருந்தைப் பார்த்துப் பயப்படும் நாம், தூளைப் பார்த்துப் பயப்படுவதில்லை. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. அறுவைப் பகுதியில் தூள் உறிஞ்சும் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் நின்ற இளைஞரின் முகக்கவசம் தாடைக்குக் கீழே இருந்தது. அண்ணன் கடந்து போகும்போது ஒன்றும் சொல்லாமல் தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார். கவசம் மேலே ஏறியது. எத்தனை நிமிடத்துக்கு என்பது வேறு.

இத்தனை கவனமும் எங்கே வீணாகிறது என்பதைப் பார்க்கத் திரும்ப லிட்டில் இந்தியா போக வேண்டும். 1989இல் அந்த வட்டாரத்தைப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். கடைவீடுகளை இடிக்க முடியாது, பழைய முறைப்படி பழுதுபார்க்கத்தான் வேண்டும். அந்த வீடுகளில் மாடித்தரையைத் தாங்கும் உத்திரங்கள் ஒரு பொதுச்சுவரிலிருந்து எதிர்ப் பொதுச்சுவருக்கு ஓடுகின்றன. உத்திரத்தின் தலை செங்கற்சுவரின் குழிக்குள் உட்கார்ந்திருக்கும். வீட்டிலேயே அதிகம் ஈரம் பிடிக்கும் இடம் அந்தக் குழி. சுண்ணாம்புச் சுவர் மழையை உறிஞ்சி அங்கேதான் கொண்டுபோய்ச் சேர்க்கும். இந்நாட்டில் வீடுகளை அதிகம் தின்னும் நிலத்தடிக் கரையானும் பெரும்பாலும் அந்தச் சுவர் வழியாகவே மண்பாதை கட்டிக்கொண்டு மேலே வருகிறது.

நான் திரும்பப் போன அன்று கிராஞ்சியிலிருந்து வந்த உத்திரங்களை அளவுக்கு அறுத்துக்கொண்டிருந்தார்கள். பலகையை அழுத்திக் காட்டிய அதே இளைஞர், சிவகங்கைப் பக்கத்துக்காரர், ரம்பத்தைப் பிடித்திருந்தார். தலையிலிருந்து ஒரு துண்டு விழுந்தது. எடுத்துப் பார்த்தேன்: சுற்றிலும் பச்சை, நடுவில் மருந்து எட்டாத வெளிர்மஞ்சள். பைனின் வெளிறில் மருந்து ஆழமாகப் போகும், வைரத்தில் போகாது. பட்டறையில் அந்த வைரத்தைச் சுற்றிப் பச்சை வேலி கட்டி அனுப்பியிருந்தார்கள். இங்கே ஒரே அறுப்பில் வேலி திறந்துவிட்டது. திறந்த முகத்தை நேராகச் சுவரின் ஈரக் குழிக்குள் சொருகப் போகிறார்கள்.

அறுத்த முகத்தில் பூசுவதற்கென்றே செம்பு நாப்தனேட் என்ற பச்சைத் திரவம் இருக்கிறது. ஒரு தகர டின் அந்தத் தளத்திலேயே இருந்தது, மூடி உடைக்காமல்.

“பூசச் சொல்லலியா தம்பி?”

“யாரும் சொல்லலண்ணே. பெயின்ட்டுனு நெனச்சோம்.”

அவர் மேல் குற்றமில்லை. டின்னில் எழுதியிருந்தது அவருக்குத் தெரியாத மொழியில், வேகமாக முடிக்கச் சொன்னவர்கள் அதை வாசித்துக் காட்டவில்லை. காரணத்தைச் சொன்னதும் அவருக்கு உடனே புரிந்தது. அவர் ஊரில் பனங்கட்டையைக் கண்மாய்த் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போட்டு, சத்தெல்லாம் இறங்கியபின் எடுத்துத்தான் கைமரமாகப் போடுவார்களாம். மாட்டுக்கொட்டகைக் காலுக்கு மண்ணுக்குள் போகும் பகுதிக்கும் அடித்தலைக்கும் தார் பூசுவார்களாம். “தலைக்குத்தான் முதல்ல பூசுவாரு எங்க தாத்தா,” என்றார். தாத்தாவுக்குத் தெரிந்ததை இந்தத் தளத்தில் யாரும் கேட்கவில்லை. பூச்சியின் உணவைக் கழுவி எடுப்பது அவர் ஊர் முறை, உணவில் நஞ்சு வைப்பது கிராஞ்சி முறை. இரண்டிலும் தலைதான் பலவீனமான இடம். அன்று மிச்சமிருந்த உத்திரங்களுக்கு அவர் டின்னைத் திறந்து தூரிகையால் இரண்டு கை பூசினார். ஏற்கெனவே சுவருக்குள் போனவை போனவைதான்.

எனக்குத் தோன்றுவது இது: நாம் மருந்தின் பெயரைத்தான் கேட்கிறோம், எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேட்கிறோம். மரத்தைக் காப்பாற்றுவது பெயர் அல்ல. ஈரமானியைக் குத்திப் பார்ப்பது, இடைச்சட்டம் வைப்பது, வில்லை எடுத்து மஞ்சள் தெளிப்பது, அறுத்த தலைக்குப் பூசுவது என்று சலிப்பூட்டும் வேலைகள்தான் அதைச் செய்கின்றன. அவற்றுக்குத் தனிக்கூலி கிடையாது. அவசரம் வந்தால் முதலில் விடுபடுவதும் அவைதான்.

சுங்கை காடுட்டின் முகம் மாறப்போகிறது. 500 ஹெக்டர் பரப்பில் இதைப் பசுமைத் தொழில் வட்டாரமாக மாற்றும் திட்டத்தைத் தொழிற்பேட்டைகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஜேடிசி 2020இல் அறிவித்தது. 2035 வாக்கில் இங்கே புதிய ரயில் நிலையமும் வருகிறது. பழைய ஒற்றைத்தளப் பட்டறைகளின் குத்தகை முடிய முடிய, அடுக்குமாடித் தொழிற்கூடங்கள் எழுகின்றன. மருந்து உருளையை அடுக்குமாடியில் எந்தத் தளத்தில் வைப்பார்கள் என்று அண்ணனிடம் கேட்டேன். “அதுக்குள்ள நான் ஓய்வு எடுத்துருவேன்,” என்றார்.

இதை வாசிக்கிறவர்களில் வீட்டுக்கு மரவேலை செய்யப்போகிறவர்கள் இருக்கலாம். மருந்து போட்ட மரம் வாங்கினால், அறுத்த ஒவ்வொரு முகத்துக்கும் பூசச் சொல்லி எதிரில் நின்று பாருங்கள். வீட்டுக்குள் போடுகிற மரத்துக்குப் போரான் போதும், மழையில் நிற்பதற்குச் செம்பு வேண்டும்; இதைக் கடைக்காரர் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். சென்னையிலும் திருப்பெரும்புதூரிலும் தொழிற்சாலை வாசலில் குவிந்து கிடக்கும் பழைய பேலட்டுகளை வாங்கிக் கட்டில் செய்கிறவர்கள் முத்திரையைப் பாருங்கள்: எச்டி என்றால் வெறும் சூடு, எம்பி என்றால் அதை வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். பச்சை ஏறிய மரத்துண்டு, பழைய மின்கம்பத் துண்டு, கறுப்பு ரயில் கட்டை எதையும் அடுப்பிலோ வெந்நீர்த் தவலைக்கு அடியிலோ வைத்து எரிக்காதீர்கள். காமேசத்தின் பழைய கலவை ஏறிய மரம் எரிந்தால் ஆர்சனிக் எரிந்து ஒழிவதில்லை. கொஞ்சம் புகையில் போகும், மிச்சம் சாம்பலில் தங்கும்.